கம்பெனி மூடிய கார், துரு பிடித்த தரை: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செவர்லே பீட், ஃபோர்டு ஃபிகோ இரண்டும் அடுத்தடுத்து விற்பனைக்கு வந்தன. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பைக்கிலிருந்து காருக்கு மாறிய பல குடும்பங்களுக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் முதல் கார். அந்த வண்டிகளுக்கு இப்போது வரிசையாக 15 வயது முடிகிறது. இதற்குள் செவர்லேயின் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் மறைமலை நகர் ஆலையையும் மூடியது. டாட்சனின் கதை 2022 ஏப்ரலில் முடிந்தது. ஃபியட் கார்கள் 2019 வாக்கில் கடைகளை விட்டுப் போயின. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதமே மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் நின்றுவிட்டது.

வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கம்பெனியே ஊரை விட்டுப் போயிட்டான், இன்னும் எதுக்கு இதைக் கட்டி அழறீங்க?" மெக்கானிக் சொல்வதும் ஒன்றுதான்: "இன்ஜின் சூப்பரா கீது சார், இன்னும் பத்து வருஷம் ஓடும்." இரண்டையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். கம்பெனி மூடியதாலேயே காரை விற்கத் தேவையில்லை. இன்ஜின் நன்றாக இருப்பதாலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. பதில் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. வண்டியின் அடியில் துரு எங்கே பிடித்திருக்கிறது என்பது ஒன்று. எந்தப் பாகம் கிடைக்காமல் போனால் வண்டி படுத்துவிடும் என்பது மற்றொன்று. இவற்றில் முதலாவதுதான் பெரியது. கீழே போகப் போக, பணக் கணக்கு முழுவதும் அதில்தான் போய் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

முதலில் ஆர்.சி.யை எடுங்கள்

சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் 15 வருடம் ஆனதும் வண்டியைப் பறிமுதல் செய்வார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற வயது வரம்பெல்லாம் டெல்லி வட்டாரத்துப் பிரச்சினை. நம் பக்கம் அப்படி இல்லை.

ஆனால் புதுப்பிப்பது முன்புபோல மலிவான வேலையும் இல்லை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். இதோடு தமிழ்நாட்டின் பசுமை வரியும் உண்டு. 25ஆம் எண் படிவத்தில், முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நம் ஊர் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிடும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின் முகவரிக் குழப்பம் நிறைய. ஆர்.சி.யில் டிஎன் 23 என்று இருக்கும், வீடு ராணிப்பேட்டையின் டிஎன் 73 எல்லையிலோ வாணியம்பாடியின் டிஎன் 83 எல்லையிலோ இருக்கும். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்தத் தேதியை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முடிவெடுக்க இயல்பான இடம் அதுதான். ஆர்.சி. முடிய ஆறு மாதம் இருக்கும்போது விற்றால் வாங்குபவர் உங்களோடு பேரம் பேசுவார். முடிந்த பிறகு விற்றால் அவர் சொல்வதுதான் விலை. ஆகவே கீழே உள்ள சோதனைகளை அந்த ஆறு மாதத்துக்குள் செய்துவிடுங்கள். டயர், பெயின்ட், சீட் கவர் என்று எதற்கும் அதற்கு முன் காசு போடாதீர்கள்.

வண்டிக்குக் கீழே போய்ப் பாருங்கள்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ரேம்ப் அல்லது குழி உள்ள ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் சொல்லி வையுங்கள். வாட்டர் வாஷ் செய்த கையோடு பார்க்கக் கூடாது, ஈரத்தில் எல்லாமே ஒரே நிறமாகத் தெரியும். நன்றாகக் காய்ந்த வண்டி, ஒரு டார்ச், துணி சுற்றிய ஒரு காந்தம், பழைய ஸ்குரூ டிரைவர், போன் கேமரா. இவை போதும்.

துரு என்றால் கடலோரச் சமாச்சாரம், நமக்கு ஏது கடல் என்று நினைப்பவர்கள் உண்டு. வேலூர்த் துரு வேறு வழியில் வருகிறது. 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர வெயிலில் வருடக்கணக்கில் நிற்கும் காரில் முதலில் சாவது ரப்பர். கதவு ரப்பர், கண்ணாடி பீடிங், பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் மூடி எல்லாம் வெடித்து விலகும். அக்டோபர், நவம்பர் மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும். மேலே விரிப்பு காய்ந்திருக்கும், கீழே உள்ள பஞ்சு தை மாதம் வரை ஈரமாக இருக்கும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் இதே கதைதான், மழையே தேவையில்லை.

இரண்டாவது, போர் தண்ணீர். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பு அதிகம். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் கேட்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் வாரா வாரம் கழுவி வெயிலில் காயவிட்டால் கதவின் அடி மடிப்பிலும் டிக்கி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு தங்கும். உப்பு இருக்கும் இடத்தில் இரும்பு வேகமாக அரிக்கும். காரைத் தினமும் குளிப்பாட்டும் அன்பர்களின் வண்டிதான் பல நேரம் அடியில் மோசமாக இருக்கிறது. கழுவாதவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மூன்றாவது, வெள்ளம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது தண்ணீரில் நின்ற வண்டிகளும், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு சுத்தம் செய்து நம் பக்கம் விற்கப்பட்ட வண்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் சீட் தண்டவாளத்தின் போல்ட், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் தெரியும் கடைசிப் பகுதி, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டம் மூன்றையும் பாருங்கள். மழையால் அங்கே சேறும் துருவும் வராது.

இனி எந்த இடத்தில் பார்ப்பது. கதவைத் திறந்தால் காலடியில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, அதாவது ரன்னிங் போர்டு. அதன் அடிவிளிம்பில் ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. 'பொத்' என்று கேட்டால் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, பெயின்ட்டும் பட்டியும் (ஓட்டையை அடைக்கப் பூசும் பசை) மட்டும்தான். பிறகு மேலே காந்தத்தை ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் எல்லாம் யாரோ பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

அடுத்து, முன்பக்கம் ஷாக் அப்சார்பரின் தலை வந்து உட்காரும் இடம், பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் வட்டமாகத் தெரியும். அங்கே வெடிப்போ, வெல்டிங் தையல் விலகியதோ இருக்கக் கூடாது. இன்ஜினையும் சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்மையும் தாங்கும் குறுக்குச் சட்டம், அது பாடியோடு சேரும் போல்ட்டுகளைச் சுற்றிய தகடு. பின்பக்கம் ஆக்சில் வந்து பாடியில் மாட்டும் இடம், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு டிக்கியின் தரை. பாட்டரித் தட்டு. கீழே ஓடும் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய். டவேராபோல தனிச் சட்டகத்தின் மேல் பாடி உட்காரும் வண்டி என்றால் சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும், குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு மேல் வளையும் பகுதியையும் தட்டிப் பாருங்கள்.

ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்ட பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

மேல்தோல் துரு: கதவு விளிம்பில் கொப்புளம், பானெட் நுனியில் பொரிந்த பெயின்ட், சைலன்சர் முழுக்கச் சிவப்பு. பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை. இதற்காகக் காரை மாற்றுபவர் மாற்ற ஆசைப்பட்டுக் காரணம் தேடுகிறார். ஆசைப்படுவது தப்பில்லை, காரணத்தைத் துருவின் மேல் போடாமல் இருந்தால் சரி.

ஓட்டைத் துரு, ஆனால் வண்டியின் பாரம் அதன் மேல் இல்லை: மட்கார்டின் ஓரம், கதவின் அடி, ஸ்டெப்னிக் குழி, கால் வைக்கும் தரையின் நடுப்பகுதி. இதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். நல்ல டிங்கர் (தகடு வேலை செய்பவர்) கிடைத்தால் பல வருடம் தாங்கும். எவ்வளவு செலவு என்பதைவிட, அழுகியதை முழுக்க வெட்டினாரா, மேலேயே தகட்டை ஒட்டினாரா என்பதுதான் கேள்வி. வெட்டிய நிலையில், புதுத் தகடு வைப்பதற்கு முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எலும்புத் துரு: ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம், குறுக்குச் சட்டம் மாட்டும் இடம், பின் ஆக்சில் மாட்டும் இடம், சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றிய தகடு, ரன்னிங் போர்டின் உள்சுவர், சேஸிஸ் சட்டம். இவற்றில் ஒன்றில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போனால் மேற்கொண்டு படிக்காமல் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். மோதும்போது கார் எப்படி மடங்க வேண்டும் என்பது தகட்டின் தடிமனைக் கணக்கிட்டுத்தான் வடிவமைக்கப்படுகிறது. அந்த இடத்தில் தெருவோர கேஸ் வெல்டிங் வைத்தால் வண்டி ஓடும், பிரேக் இன்ஸ்பெக்டரிடமும் ஒருவேளை பாஸாகும். பள்ளிகொண்டா டோலைத் தாண்டி நூறில் போகும்போது லாரி குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வண்டியின் அடியில் பூசும் அண்டர் கோட்டிங் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுத்தமான தகட்டின் மேல் அடித்தால் பாதுகாப்பு. துருவின் மேல் அடித்தால் சொத்தைப் பல்லை அப்படியே விட்டு மேலே பூசியதுபோல்தான், உள்ளே ஈரம் பூட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும். விற்க வந்த பழைய காரின் அடி மட்டும் புத்தம் புதுத் தார்க் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். துருவைச் சுரண்டி, டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரைத் தடவி, அது கறுத்த பிறகு பிரைமர் அடிப்பதுதான் முறை. இந்த டானிக் அமிலத்தின் குடும்பம் நம் ஊருக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதப்படுத்திய கைகளுக்கு, அந்தச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துப்போகும் என்று நன்றாகவே தெரியும்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க்கையும் பார்க்க வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய பழைய காரின் இரும்பு டேங்க்குக்குள் துரு பிடிக்கவும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இளகி வெடிக்கவும் அது வழி செய்யும். பெட்ரோல் வாசனை வந்தால் குழாய்களை உடனே மாற்றிவிடுங்கள். மீட்டர் கணக்கில் வாங்கும் பொருள்தான், விலை குறைவு.

உங்கள் காரின் சொந்தக்காரர்கள் யார் யார்?

மூடிய கம்பெனி என்றாலும் எல்லா வண்டியும் அநாதை இல்லை. சிலவற்றுக்குப் பங்காளிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

ஃபியட் புன்டோ, லீனியா, செவர்லே செயில், என்ஜாய் டீசல் வண்டிகளில் இருப்பது 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா என்று பல லட்சம் வண்டிகளில் அதே குடும்பத்து இன்ஜின்தான் ஓடியது. 2020 வரை மாருதியில் விற்றது. வேலூரில் அதைத் திறந்து மூடாத மெக்கானிக் இருக்க முடியாது. டாட்சன் கோ நிசான் மைக்ராவின் தம்பி. டாட்சன் ரெடி-கோவும் ரெனோ க்விட்டும் ஒரே அடித்தளம். நிசானும் ரெனோவும் இன்னும் இங்கே கார் விற்கின்றன. அம்பாசிடருக்குக் கவலையே வேண்டாம், லேத்தில் கடைந்தே பாதி வண்டியைச் செய்துவிடுவார்கள்.

பீட் டீசல் அப்படி இல்லை. அதன் 936 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் இங்கே வேறு எந்தக் காரிலும் வரவில்லை. ஃபோர்டு நடுவில் நிற்கிறது. உற்பத்தியை நிறுத்தினாலும் சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று அறிவித்தது, ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் ஏராளமாக ஓடுவதால் வெளிச்சந்தையிலும் பொருள் கிடைக்கிறது. ஃபோர்டு மறைமலை நகருக்குத் திரும்பப் போவதாக 2024இலிருந்து வரும் செய்திகளை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். அது ஏற்றுமதிக்கான உற்பத்தி. உங்கள் 2011 ஃபிகோவின் ஹெட்லைட்டுக்காக யாரும் அச்சு எடுக்கப்போவதில்லை.

இங்கே பலர் தப்பான பட்டியலோடு கடைக்குப் போகிறார்கள். பிரேக் பேட், ஃபில்டர், கிளட்ச் கிடைக்குமா என்று கேட்டுத் திருப்தியாகத் திரும்பி வருவார்கள். தேய்கிற பாகம் எல்லாம் கிடைக்கும், அதைச் செய்பவர்கள் வேறு கம்பெனிகள். கேட்க வேண்டியது வண்டியை நிறுத்திவிடும் பாகங்களை: முன்கண்ணாடி, ஹெட்லைட், கதவுக் கண்ணாடி, இன்ஜின் கம்ப்யூட்டர், ஏபிஎஸ் யூனிட், ஸ்டீயரிங் ரேக், சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), ஏசி கம்ப்ரஸர். இந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதி, உங்கள் சேஸிஸ் எண்ணையும் சேர்த்து மூன்று இடத்தில் விலையும் நாளும் கேளுங்கள். இன்னும் இயங்கும் சர்வீஸ் சென்டர் ஒன்று, உள்ளூர் ஸ்பேர் கடை ஒன்று, பழைய பாகச் சந்தை ஒன்று.

கடைசியில் சொன்னதில் வேலூர்க்காரர்களுக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத வசதி உண்டு. கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் சென்னைப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும். மேற்கே சுமார் 210 கிலோமீட்டரில் பெங்களூர் ஜே.சி. ரோடும் சிவாஜிநகரும். புதுப்பேட்டையில் ஒரு கதவு இல்லையென்றால் சிவாஜிநகரில் இருக்கும். பார்சலில் போட்டால் அதிகம் காக்க வேண்டியதில்லை. மதுரைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் பழையதாக வாங்குவது சூதாட்டம்தான். மாட்டிப் பார்த்து வேலை செய்தால்தான் காசு என்ற பேச்சோடு மட்டும் வாங்குங்கள்.

பட்டியலில் முக்கால்வாசிக்கு "கிடைக்கும், சில நாள் ஆகும்" என்று பதில் வந்தால் கம்பெனி மூடியதை மறந்துவிடலாம். இரண்டு மூன்றுக்கு "பழையது கிடைத்தால் பார்க்கலாம்" என்றால், இப்போதே ஒரு ஹெட்லைட்டும் ஒரு வைப்பர் மோட்டாரும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கும் ஸ்டீயரிங்குக்கும் சேர்ந்து கையை விரித்துவிட்டால், அந்தக் கார் வீட்டின் ஒரே வாகனமாக இருக்கக் கூடாது.

கணக்கைப் போடுங்கள்

"ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டினால் விற்றுவிடு" என்பது எல்லோரும் சொல்லும் விதி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒப்பிட வேண்டியது ரிப்பேரையும் பழைய காரின் விலையையும் அல்ல. இதை வைத்துக்கொண்டால் வருடத்துக்கு எவ்வளவு, வேறு வாங்கினால் வருடத்துக்கு எவ்வளவு என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

உதாரணத்துக்கு, குடியாத்தத்தில் ஒரு 2012 ஃபிகோ பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக் காட்டுவதற்காக நான் வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்று விற்றால் 90,000 வரும். ஓட்டத் தகுதியாக்க வெல்டிங், லோயர் ஆர்ம், நான்கு டயர், ஆர்.சி. புதுப்பிப்பு எல்லாம் சேர்த்து 64,000. மூன்று வருடம் ஓட்டிய பிறகு பழைய இரும்பு விலைக்கு 25,000 வரும். அப்படியென்றால் மதிப்பில் இழப்பு 65,000. ரிப்பேரும் இழப்பும் சேர்ந்து 1,29,000, மூன்றால் வகுத்தால் 43,000. வருடப் பராமரிப்பு 20,000. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 முதல் 1500 சிசி காருக்கு 3,416 ரூபாய், வரியோடு ஏறத்தாழ 4,000. மொத்தம் வருடத்துக்கு 67,000.

மாற்று: ஐந்து வயதுள்ள வேறொரு கார் நாலரை லட்சம். மூன்று வருடம் கழித்து மூன்று லட்சத்துக்குப் போகும் என்றால் இழப்பு வருடத்துக்கு 50,000. கடன் வட்டி சராசரி 25,000, முழு இன்சூரன்ஸ் 12,000, பராமரிப்பு 10,000. மொத்தம் 97,000.

பழையதை வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 30,000 மிச்சம். இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். வண்டி மூன்று வருடம் தாங்காமல் ஒரே வருடத்தில் அடி விட்டுவிட்டால்? 1,29,000 முழுவதும் அந்த ஒரு வருடத்தின் தலையில் விழுந்து, செலவு 1,53,000 ஆகிவிடும். இரண்டு வருடம் தாங்கினால் 88,500, அதாவது மாற்றுவதைவிட இன்னும் குறைவு. ஆக, கேள்வி 64,000 ரூபாய் செலவழிக்கலாமா என்பது அல்ல. இரண்டு வருடம் நிச்சயமாகத் தாங்குமா என்பதுதான். அந்தப் பதில் நோட்டில் இல்லை, வண்டிக்குக் கீழே ஸ்குரூ டிரைவரோடு பார்த்ததில் இருக்கிறது.

மாற்றுக் கார் விலை கேட்கும்போது ஒன்று கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைகளை மனதில் வைத்துப் பழைய கார் விற்பவர் கேட்கும் தொகை இன்று பொருந்தாது. அதே மாடல் புதிதாக என்ன விலை என்று ஷோரூமில் கேட்டுவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.

யார், எங்கே ஓட்டுகிறார்கள்

சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் நிலையம், பாகாயம், வாரம் ஒருமுறை ஸ்ரீபுரம் என்று ஓடும் வண்டிக்கும், மாதம் நான்கு முறை சென்னை விமான நிலையம் போகும் வண்டிக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. ஊருக்குள் மட்டும் ஓடுவது நடுவழியில் நின்றால் ஆட்டோ பிடித்து வீடு போகலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அரித்த பிரேக் குழாய் விட்டால் என்ன செய்வது? ஜவ்வாதுமலை அடிவாரக் கிராமத்தில் இருந்துகொண்டு இராத்திரியில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய முதியவர் வீட்டில் இருந்தால், கணக்கு எவ்வளவு மிச்சம் காட்டினாலும் நம்பிக்கையான வண்டிக்கு மாறிவிடுங்கள். மகனோ மகளோ புதிதாக ஓட்டப் பழக வைத்திருக்கும் வண்டி என்றால் கீறல் கொப்புளம் எதையும் பார்க்க வேண்டாம், எலும்புத் துருவை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.

முடிவு

எலும்பு உறுதி, பாகம் கிடைக்கிறது: ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுங்கள். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். வருடம் ஒருமுறை, மழை முடிந்த தை மாதத்தில் அடியைப் பாருங்கள்.

எலும்பு உறுதி, பாகம் இழுபறி: புதுப்பியுங்கள், ஆனால் ஒரு தொகையை இப்போதே எழுதி வையுங்கள். ஒரே வேலைக்கு அதற்கு மேல் கேட்டால் அன்றே நிறுத்துவது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் "சரி, போட்டுடுங்க" என்பதாகத்தான் இருக்கும்.

ஓட்டைத் துரு நிறைய, எலும்பில் ஆரம்பம்: ஆர்.சி. முடிவதற்கு முன் விற்றுவிடுங்கள், துருவை மறைக்காமல் காட்டி. அதே மாடல் வைத்திருப்பவர் பாகத்துக்காக வாங்கக்கூடும், புரோக்கரைவிட நல்ல விலையும் தரலாம்.

எலும்பில் ஓட்டை: ஓட்ட வேண்டாம். பிறர் ஓட்டும்படி விற்கவும் வேண்டாம்.

கைமாற்றும்போது

விற்றால் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பெயர் மாறும் வரை அலுவலகப் பதிவில் உரிமையாளர் நீங்கள்தான். வாங்கியவர் யாரையாவது மோதினால் நஷ்டஈட்டு வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சித்தூர்க்காரர் வாங்கினால் வேறு மாநிலம், 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பேரம் பேசும் முன்பே ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது கடன் கொடுத்தவர் பெயரிலான அடமானக் குறிப்பு, நிற்கிறதா என்று பாருங்கள். கடன் அடைத்துப் பல வருடம் ஆகியும் நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். கடன் கொடுத்த நிறுவனமும் பெயர் மாறிப்போயிருந்தால் 35ஆம் எண் படிவத்தில் கையெழுத்து வாங்கவே மாதங்கள் ஆகும்.

உடைக்கக் கொடுப்பதென்றால் இரண்டு வழி. காயலான் கடைக்காரர் கையில் காசு கொடுத்து வண்டியை இழுத்துப் போவார். அதில் தப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பதிவை ரத்து செய்யாமல் கொடுத்தால், உங்கள் எண்ணும் சேஸிஸ் நம்பரும் வேறொரு திருட்டு வண்டியில் உயிர்த்தெழலாம். உடைத்த 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். சேஸிஸ் எண் பதித்த தகட்டை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, 2021இல் வந்த பழைய வண்டி உடைப்புக் கொள்கையின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுப்பது. வண்டியை ஒப்படைத்ததற்கு அவர்கள் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சொந்தக் காருக்கு வாகன வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய விதி இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் புது வண்டி புக் செய்யும் முன் டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். இரும்பு விலை காயலான் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், இந்தச் சலுகையைச் சேர்த்துப் பார்த்த பிறகு எது அதிகம் என்று தீர்மானியுங்கள்.

இன்சூரன்ஸை அப்படியே காலாவதியாக விடாதீர்கள். கிளெய்ம் இல்லாமல் முழு இன்சூரன்ஸ் கட்டி வந்திருந்தால், 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். விற்றதற்கான அத்தாட்சியைக் காட்டிக் கடிதமாக வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். கடைசியாக, சாவியைக் கொடுக்கும் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கைக் கிழித்து, கணக்கையும் மூடிவிடுங்கள். இல்லையென்றால் புது உரிமையாளர் பெங்களூர் போகும்போதெல்லாம் பள்ளிகொண்டா டோலின் எஸ்.எம்.எஸ். உங்கள் போனுக்கு வந்துகொண்டே இருக்கும், காசும் உங்கள் கணக்கிலிருந்தே போகும்.